மிஷினைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

பாம்பனில் எங்கள் விசைப்படகுக்கு ஜிபிஎஸ் வந்த பிறகும் அப்பா நட்சத்திரம் பார்ப்பதை விடவில்லை. சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் பார்க்க நான் பழகியது அவரிடம்தான்.

முதலில், மனிதன் எதை மிஷினிடம் ஒப்படைத்தான் என்று பாருங்கள். 1968இல் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் விண்கலத்தின் கதவே ஹால் என்ற கணினியின் பொறுப்பு. அது திறக்க மறுக்கிறது. வெளியே மாட்டிக்கொண்ட விண்வெளி வீரன் டேவ் அவசரக் கதவைத் தானே திறந்து, ஹெல்மெட்கூட இல்லாமல் உள்ளே பாய்கிறான். இந்த இடத்தை இரண்டு முறை பாருங்கள். அவன் பாயும்போது சத்தமே இருக்காது.

அப்புறம், மிஷினுக்கு எது புரியவில்லை என்று கவனியுங்கள். 'எந்திரன்' (2010) படத்தில் சிட்டி என்ற ரோபோ, குளித்துக்கொண்டிருந்த பெண்ணைத் தீயிலிருந்து தூக்கி வரும். அவளுக்கு ஒரு துணி வேண்டுமென்று அதற்குத் தெரியாது.

கிளைமாக்ஸ் சண்டையா? அந்த நேரத்தில் நான் வலை பின்னுவேன்.