ஆங்கிலோ-சாக்சன் படிநிலை புரிய ஓர் எளிய வழி

ஆங்கிலோ-சாக்சன் கால (சுமார் 5 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை) இங்கிலாந்தில் யார் மேல், யார் கீழ் என்று குழப்பமாக இருக்கிறதா? பட்டங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். 'வெர்கில்ட்' தொகையைப் பாருங்கள். ஒருவரைக் கொன்றால் அவருடைய உறவினருக்குக் கொடுக்க வேண்டிய உயிர்விலை அது. அன்றைய இங்கிலாந்தின் அரசுகளில் ஒன்றான வெசெக்ஸில் 'சேர்ல்' எனப்பட்ட சாதாரணக் குடியானவனுக்கு 200 ஷில்லிங். 'தெய்ன்' எனப்பட்ட நிலப்பிரபுவுக்கு 1200. ஆறு குடியானவர்களின் உயிர் சேர்ந்தால்தான் ஒரு பிரபுவின் உயிருக்குச் சமம்! அடிமைக்கோ உயிர்விலையே இல்லை. அவனைக் கொன்றால் உரிமையாளருக்குத்தான் இழப்பீடு போனது. இதை முதலில் படித்தபோது நெஞ்சு கனத்துவிட்டது.

தொகைகளை ஒப்பிடும்போது எந்த நாட்டுச் சட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெசெக்ஸ் ஷில்லிங்குக்கு 5 பென்னி (வெள்ளிக் காசு), இன்னோர் அரசான மெர்சியாவின் ஷில்லிங்குக்கு 4 பென்னிதான்.