வீட்டில் கேஸஷ்பெட்ஸ்லே: ஜெர்மன் சமையலுக்குப் புதியவர்கள் இங்கே தொடங்கலாம்

ஜெர்மன் சாப்பாடு என்றாலே சாசேஜ்தான் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் செய்து பார்க்கச் சொல்வது கேஸஷ்பெட்ஸ்லே. ஷ்பெட்ஸ்லே என்பது முட்டை சேர்த்த மாவில் செய்யும் குட்டி நூடுல்ஸ். அதோடு சீஸ் சேர்ந்தால் கேஸஷ்பெட்ஸ்லே. தென்மேற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஷ்வாபியப் பகுதியின் வீட்டுச் சமையல் இது. இறைச்சி தேவையில்லை, செலவும் குறைவு. ஷ்வாபிய ஷ்பெட்ஸ்லேவுக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

நான்கு பேருக்கு: மைதா 400 கிராம், முட்டை 4, தண்ணீர் சுமார் 150 மி.லி., உப்பு 1 டீஸ்பூன், துருவிய எம்மென்டால் சீஸ் 250 கிராம், பெரிய வெங்காயம் 3, வெண்ணெய் கொஞ்சம் தாராளமாக.

1. வெங்காயத்தை வளையமாக நறுக்கி, வெண்ணெயில் சிறு தீயில் வதக்க வையுங்கள். நன்றாகச் சிவக்க அரை மணி நேரம் ஆகும். தீயைக் கூட்டினால் ஓரம் கருகும், உள்ளே இனிப்பு வராது.

2. மைதா, முட்டை, உப்பு, தண்ணீரைச் சேர்த்து மரக்கரண்டியால் அடியுங்கள். இந்தச் சமையலின் உயிரே இங்கேதான் இருக்கிறது. முதலில் மாவு திட்டுத்திட்டாக இருக்கும். விடாமல் அடித்தால் வழவழப்பாகி, மேலே காற்றுக் குமிழிகள் வரும். கரண்டியைத் தூக்கினால் மாவு நீளமாக இழுபட்டு மெதுவாக விழ வேண்டும். சடசடவென ஒழுகினால் தண்ணீர் அதிகம். ஒரு கை மைதா போடுங்கள். பிறகு 20 நிமிடம் மூடி வையுங்கள். இந்த ஓய்வைத் தவிர்க்காதீர்கள்.

3. அகலமான பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். ஷ்வாபியர்கள் ஈரப் பலகையில் மாவைப் பரப்பிக் கத்தியால் மெல்லிசாக வழித்துத் தள்ளுவார்கள். அதற்குக் கை பழக வேண்டும். தொடக்கத்தில் பூந்திக் கரண்டி போதும். மாவை அதன் மேல் ஊற்றித் தேய்த்தால் குட்டிக் குட்டியாக விழும். மேலே மிதந்ததும் அரித்து எடுத்துவிடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்தான் ஒட்டாது.

4. சூடு ஆறுவதற்குள் ஒரு அடுக்கு ஷ்பெட்ஸ்லே, ஒரு அடுக்கு சீஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டு, மேலே வெங்காயம், மிளகுத்தூள். சீஸ் உருகாவிட்டால் சில நிமிடம் ஓவனில் வையுங்கள்.

ஜெர்மனிக்குப் போனால் இதையே ஊர்ப்புறத்து காஸ்ட்ஹவுஸில் (உள்ளூர் உணவு விடுதியில்) சாப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டுகள் சேர்ப்பார்கள். வேண்டாமென்றால் "ஓனெ ஷ்பெக்" என்று சொல்லுங்கள். சைவர்கள் பக்கத்தில் வரும் உருளைக்கிழங்கு சாலட்டையும் விசாரிப்பது நல்லது. ஷ்வாபிய முறையில் அதற்கு மயோனைஸ் கிடையாது. பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாறுதான் ஊற்றுவார்கள். 'ஷ்டாம்டிஷ்' என்று பலகை வைத்த மேசை வழக்கமாக வரும் உள்ளூர்க்காரர்களுக்கானது, அங்கே உட்கார வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கேட்டால் பெரும்பாலும் பாட்டில் தண்ணீர்தான் வரும், பில்லிலும் ஏறும். டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம். அதை மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். பணம் கொடுக்கும்போதே டிப்ஸையும் சேர்த்து மொத்தத் தொகையைச் சொல்வதுதான் அங்கே வழக்கம்.