கால்கரிக்குப் புதியவரா? டிரம்ஹெல்லருக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

கால்கரியில் வந்து இறங்கியதும் எல்லாரும் பான்ஃப் மலைப்பகுதிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மலை எங்கே ஓடிவிடப் போகிறது? பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் நான் முதலில் டைனோசர் ஊரான டிரம்ஹெல்லரைத்தான் சொல்வேன். வடகிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். கார் இல்லாமல் சிரமம். பார்க்க வேண்டியவை பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. நம்மூர் ஓட்டுநர் உரிமம், ஆல்பர்ட்டாவில் குடியேறியபின் 90 நாள்தான் செல்லும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஊருக்குள் நுழையும் முன், 9ஆம் நெடுஞ்சாலையிலேயே ஹார்ஸ்ஷூ கேன்யன் வரும். வயல்வெளி சட்டென்று பிளந்து பள்ளமாக இறங்கும். அங்கே வண்டியை நிறுத்தி, பாறை அடுக்குகளுக்கு நடுவே ஓடும் கறுப்புப் பட்டைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதுதான் நிலக்கரி. டைனோசரும் நிலக்கரியும் இந்த ஊரில் வேறு வேறு கதை இல்லை. ஜோசப் டிரெல் என்ற நிலவியலாளர் 1884இல் இந்தப் பக்கம் வந்தது நிலக்கரி தேடித்தான். கண்ணில் பட்டதோ ஆல்பர்ட்டோசாரஸ் என்ற டைனோசரின் மண்டையோடு.

அவர் பெயரில் 1985இல் திறந்ததுதான் ராயல் டிரெல் அருங்காட்சியகம். இதற்கு அரை நாள் வேண்டும். கோடை வார இறுதியில் நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். டி-ரெக்ஸ் முன்னால் கூட்டம் நெரியும். நீங்கள் போரியலோபெல்டா என்ற கவச டைனோசரிடம் போங்கள். 2011இல் ஃபோர்ட் மெக்மரி பக்கத்து எண்ணெய் மணல் சுரங்கத்தில், மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டியவர் கண்ணில் பட்ட புதைபடிவம். வயது சுமார் 11 கோடி ஆண்டுகள். வெறும் எலும்புக்கூடு இல்லை: முதுகுக் கவசமும் தோலும் அப்படியே இருக்கின்றன, வயிற்றில் கடைசியாகத் தின்ற பெரணி இலைகூட மிச்சம். பாறையிலிருந்து இதைப் பிரித்தெடுக்க ஒரே ஆளுக்கு 7,000 மணி நேரம் பிடித்தது. அறிவியல் பெயரிலும் அவர் பெயரையே சேர்த்திருக்கிறார்கள். நியாயம்தானே.

ஊர் நடுவே நிற்கும் 26 மீட்டர் டைனோசர் பொம்மைக்குள் 106 படி ஏறி, அதன் வாய்க்குள் நின்று ஊரைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் கீழே நின்று ஒரு போட்டோ போதும். பிள்ளைகள் விடமாட்டார்கள், அது வேறு விஷயம்.

பலர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் 10ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போங்கள். ரோஸ்டேலில், சுரங்கத் தொழிலாளர்கள் ஆற்றைக் கடக்க 1931இல் கட்டிய தொங்குபாலம் இருக்கிறது. அடுத்து ஹூடூக்கள்: தலையில் கல்தொப்பி வைத்த மணற்கல் தூண்கள். மேலே உள்ள கெட்டிக் கல் மழையைத் தாங்குவதால் அடியில் உள்ள தூண் மட்டும் கரையாமல் நிற்கிறது. ஏறாதீர்கள், தொப்பி போனால் தூணும் போச்சு.

கடைசியாக ஈஸ்ட் கூலியில் அட்லஸ் நிலக்கரிச் சுரங்கம். பள்ளத்தாக்கில் 1911 முதல் 1979 வரை பதிவான சுரங்கங்கள் 139. 1947இல் ஆல்பர்ட்டாவின் லெடூக்கில் எண்ணெய் கிடைத்து, வீடுகள் எரிவாயுவுக்கு மாறியதும் தொழில் படுத்துவிட்டது. நிலக்கரியைச் சலித்து, அளவு பிரித்து ரயில் பெட்டியில் கொட்டிய மரக்கோபுரம் இங்கே இன்னும் நிற்கிறது. கனடாவில் இந்த வகையில் மிஞ்சியது இது ஒன்றுதான். வழிகாட்டியோடு உள்ளே போகும் சுற்றுக்கு முன்பதிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் இந்த இடம் மூடியிருக்கும். அருங்காட்சியகம் ஆண்டு முழுக்க உண்டு.

புளியோதரை, தயிர் சாதம் கட்டிக்கொண்டு போங்கள். அருங்காட்சியகம் இருக்கும் மிட்லண்ட் பூங்காவிலேயே உட்கார்ந்து சாப்பிட மேசைகள் உண்டு. தண்ணீர் தாராளமாக எடுங்கள், ஜூலையில் நிழலே கிடைக்காது. மழை பெய்திருந்தால் சரிவுகளில் இறங்க வேண்டாம். இந்தக் களிமண் நனைந்தால் சோப்புப் போட்ட தரைதான்.

அப்புறம், ஒரு சட்ட விஷயம். மாகாணப் பூங்காக்களில் சின்னப் புதைபடிவத் துண்டைக்கூடப் பொறுக்கிக்கொண்டு வரக்கூடாது. அனுமதியில்லாமல் தோண்டுவது ஆல்பர்ட்டாவில் எங்குமே குற்றம். எலும்பு மாதிரி ஏதாவது தென்பட்டால் கை வைக்காமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள்.