பிரிண்டர் எத்தனை யூனிட் எடுக்கிறது? கணக்கு தப்பிப்போகும் இடங்கள்

ஆபீஸ் கரண்ட் பில் கூடினால் முதலில் ஏசியைச் சந்தேகப்படுவோம். அடுத்து கண் போவது பிரிண்டர் மேல். அதன் பின்பக்க ஸ்டிக்கரில் 220-240 வோல்ட், 4 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 4-ஆல் பெருக்கினால் 920 வாட். தினம் 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்று போட்டால் 191 யூனிட் வருகிறது (ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி). பெருக்கலில் பிழை இல்லை, எடுத்துக்கொண்ட எண்தான் தப்பு.

ஸ்டிக்கரில் இருப்பது அந்த மெஷின் அதிகபட்சமாக இழுக்கக்கூடிய அளவு. எந்த வயர், எந்த பிளக், எத்தனை ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) என்று எலக்ட்ரீஷியன் முடிவு செய்வதற்கு அது வேண்டும். பில் கணக்குக்கு உதவாது.

லேசர் பிரிண்டரில் கரண்டை அதிகம் தின்பது ஃப்யூசர். டோனர் தூளை உருக்கித் தாளில் ஒட்டவைக்க அது 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக வேண்டும். சூடு ஏறியதும் ஹீட்டர் நின்றுவிடும், இறங்கினால் மறுபடி எரியும். பிரிண்ட் கொடுத்ததும் பழைய கட்டடங்களில் டியூப் லைட் லேசாக மங்குவது இதனால்தான். சின்ன யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரை மாட்டக்கூடாது என்பதும் இதனால்தான். சாதாரண இங்க்ஜெட்டில் ஃப்யூசரே கிடையாது. அச்சடிக்கும்போதுகூட பெரும்பாலும் 10 முதல் 30 வாட்டுக்குள் முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடுவது அடுத்த தவறு.

சரி, எப்படிப் போடுவது? மெஷின் எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மாதிரிக்கு ஒரு பழைய லேசர் பிரிண்டர்: அச்சடிக்கும்போது சராசரி 480 வாட், ரெடியில் (உடனே அச்சடிக்கத் தயாராகக் காத்திருக்கும் நிலை) 40 வாட், ஸ்லீப்பில் (தூங்கும் நிலை) 2 வாட். உங்கள் மெஷினின் எண்கள் அதன் கையேட்டில் இருக்கும். நிமிடத்துக்கு 20 பக்கம் ஓடுகிற மெஷினில் தினம் 200 பக்கம் எடுத்தால், அச்சடிக்கும் நேரம் வெறும் 10 நிமிடம். அதற்கு 80 வாட்-மணி. மீதி 7 மணி 50 நிமிடமும் ரெடியிலேயே கிடந்தால் 313 வாட்-மணி. இரவு 16 மணி நேர ஸ்லீப்புக்கு 32. மொத்தம் 425, மாதத்துக்குச் சுமார் 11 யூனிட்.

191 எங்கே, 11 எங்கே! அந்த 11-லும் முக்கால் பங்கை எடுத்தது சும்மா காத்திருந்த நேரம். “பிரிண்ட் குறைச்சு எடுங்கப்பா” என்று சொல்லும் ஆபீஸ்கள் தாளை மிச்சம் பிடிக்கின்றன, நல்லதுதான். ஆனால் கரண்டை மிச்சம் பிடிக்க, எத்தனை நிமிடம் சும்மா இருந்தால் மெஷின் தூங்கப் போக வேண்டும் என்று சொல்லும் ஸ்லீப் டைமரைத்தான் தொட வேண்டும்.

அதைத் தொடவிடாமல் பலரைத் தடுப்பது ஒரு பயம்: தூங்கி எழும்போதெல்லாம் சூடாக்க நிறையச் செலவாகுமே! அதையும் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 800 வாட்டில் 10 விநாடி சூடானால் 2.2 வாட்-மணி. ரெடிக்கும் ஸ்லீப்புக்கும் உள்ள 38 வாட் வித்தியாசத்தில் அந்தச் செலவு மூன்றரை நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். இரண்டு பிரிண்டுக்கு நடுவே பத்து நிமிட இடைவெளி இருக்கிற ஆபீஸில் மெஷினைத் தூங்கவிடுவதுதான் லாபம். டைமர் ஒரு மணி நேரம் என்று இருந்தால் இன்றே ஐந்து நிமிடமாக மாற்றுங்கள். ரெடியிலேயே மிகக் குறைவாக எடுக்கும் புது மெஷின்களில் இந்த லாபம் சிறிதாகத்தான் இருக்கும்.

கையேட்டை நம்பாமல் அளந்தே பார்ப்பவர்களும் சறுக்கும் இடங்கள் உண்டு. பிளக்கில் மாட்டும் மீட்டரில் வாட் எண்ணை ஒரு முறை எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். ஹீட்டர் எரிந்த விநாடியில் பார்த்தால் 900, அணைந்த விநாடியில் பார்த்தால் ஏதோ ஒரு சின்ன எண். பார்க்க வேண்டியது அதில் ஏறிக்கொண்டே போகும் யூனிட் கணக்கை. ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வரும்படி ஒரு முழு வாரம் விடுங்கள். டாங் டெஸ்டரில் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) ஆம்பியர் பார்த்து 230-ஆல் பெருக்குவது, ஹீட்டர் எரியும்போது ஓரளவு பொருந்தும். ஸ்லீப்பில் பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டாகும் பங்கு) மிகக் குறைவு என்பதால் உண்மையைவிடப் பல மடங்கு கூட்டிக் காட்டிவிடும்.

கரண்டை மிச்சம் பிடிக்கும் கருவிகளுக்குத் தரும் எனர்ஜி ஸ்டார் முத்திரை உள்ள லேசர் மெஷின்களுக்கு ‘டிஇசி’ (வழக்கமான மின்செலவு) என்று ஒரு எண் தருவார்கள். அது ஒரு வாரத்துக்கான யூனிட். மாதக் கணக்கு என்று எடுத்துக்கொண்டால் நாலில் ஒரு பங்குதான் கையில் வரும். இன்னொன்று: அந்தச் சோதனையில் வேகமான மெஷின் அதிகப் பக்கம் அச்சடிக்கும் என்று வைத்துத்தான் அளக்கிறார்கள். அதனால் 20 பக்க மெஷினையும் 45 பக்க மெஷினையும் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள்.

யூனிட்டைப் பணமாக்கும்போதும் கவனம் வேண்டும். மொத்த பில்லை யூனிட்டால் வகுத்து விலை கண்டுபிடித்தால், எவ்வளவு கரண்ட் எடுத்தாலும் மாறாத நிலைக்கட்டணமும் அதற்குள் புகுந்துவிடும். பிரிண்டரை நிறுத்தினாலும் அது குறையப்போவதில்லை. பில்லில் ஒரு யூனிட்டுக்கு என்று போட்டிருக்கும் விலையை மட்டும் எடுங்கள். வீட்டு இணைப்பில் ஆபீஸ் வேலை பார்ப்பவர்களுக்கு விலை படிப்படியாக ஏறும். மிச்சமாகும் யூனிட் மேல்படியிலிருந்துதான் கழியும் என்பதால் அந்தப் படியின் விலையைப் போடுங்கள்.

அப்புறம், இரவில் அணைப்பது. மாதிரிக் கணக்கில் ஒரு இரவுக்கு 32 வாட்-மணிதான், மாதம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு யூனிட்டைத் தொடாது. லேசர் என்றால் அணைத்துவிட்டே போகலாம். இங்க்ஜெட் என்றால் முதலில் மெஷினிலேயே இருக்கும் பட்டனை அழுத்துங்கள். மை தெளிக்கும் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்கார்ந்த பிறகு சுவரில் உள்ள ஸ்விட்சை அணையுங்கள். நேராகச் சுவர் ஸ்விட்சைத் தட்டினால் ஹெட் திறந்தே கிடந்து மை காய்ந்துவிடலாம். காலையில் அதைச் சுத்தம் செய்ய ஆகும் மையின் விலை, இரவு முழுக்க மிச்சமான கரண்டின் விலையைவிட அதிகம்.