கடனில் இருக்கும் வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கடன் வாங்கிக் காரைக்குடியில் வீடு கட்டிவிட்டு, கொஞ்ச நாளில் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. வீடு பூட்டிக் கிடப்பதைவிட ஒரு குடும்பம் இருந்தால் நல்லது, மாதத் தவணைக்கும் உதவும் என்று வாடகைக்கு விடுகிறார்கள். நியாயமான முடிவுதான். கடன் கொடுத்த வங்கியிடம் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

தவணை ஒழுங்காகப் போகும்வரை வங்கி பெரும்பாலும் எதுவும் கேட்காது. ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். வங்கியின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 65ஏ பிரிவில், அடமானம் வைத்தவரே வீட்டை 3 ஆண்டுக்கு மிகாமல் வாடகைக்கு விடலாம் என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கு மாறாக எழுதியிருந்தால் ஒப்பந்தம்தான் செல்லும்.

மேலாளர் ‘சரி, விட்டுக்கோங்க’ என்று சொன்னதை நம்பி இருந்துவிடவும் கூடாது. அவர் மாற்றலாகிப் போன பிறகு அந்த வார்த்தைக்குச் சாட்சி இல்லை. கடன் கணக்கு எண், குடிவருபவர் பெயர், வாடகை, எத்தனை மாதம் என்று எழுதி, வாடகை ஒப்பந்த நகலையும் இணைத்துக் கொடுங்கள். கூட்டாகக் கடன் வாங்கியிருந்தால் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் நகலில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அது கடிதம் கொடுத்ததற்கு ஆதாரம் மட்டுமே. பதில் கடிதம் கைக்கு வந்தால்தான் அனுமதி.

எனக்கு அதிகம் கவலை தருவது ஒத்தி. கோட்டையூரில் ஒரு மாடி வீட்டை 6 லட்சத்துக்கு ஒத்திக்கு விடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்பும். வீட்டுக்காரருக்கு மொத்தமாகப் பணம், குடிவருபவருக்கு வாடகை மிச்சம். ஆனால் 65ஏ பிரிவு தரும் உரிமையில், முன்பணமாக வாடகை வாங்கவோ மொத்தத் தொகை வாங்கவோ இடமில்லை. பணத்துக்கு ஈடாக வீட்டை அனுபவிக்கக் கொடுப்பது சட்டத்தின் பார்வையில் இன்னொரு அடமானமாகவே ஆகலாம். அப்படியானால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதாது. முதல் அடமானம் வங்கியுடையது. நாளைக்குத் தவணை நின்று வீடு ஏலத்துக்குப் போனால் வங்கி எடுத்தது போக மீதி இருந்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு. பிள்ளைகளின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ சேர்த்த பணமாக இருக்கும் அது. வங்கி எழுதித் தராமல் ஒத்திக்கு விடாதீர்கள்.

குடிவருபவரிடம் கடனை மறைப்பதும் அதே அளவு தவறு. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்தது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், வில்லங்கச் சான்றில் வங்கியின் பெயர் நிற்கும். அவர் அதைப் பார்க்கும் முன் நீங்களே அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிடுங்கள்.

11 மாதம்தானே என்று வாய்ப்பேச்சில் முடிப்பவர்களும் உண்டு. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீட்டைக் கடனில் புதுப்பித்து, விருந்தினர் தங்கவோ படப்பிடிப்புக்கோ விடுவது வேறு கதை. குடியிருக்க என்று வாங்கிய கடனில் தொழில் நடத்துவதாக வங்கி எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனியாகக் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் தம்பிக்கோ மச்சானுக்கோ அதிகாரப் பத்திரம் கொடுக்கும்போது, வாடகைக்கு விடும் அதிகாரம் அதில் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே எழுதிய பத்திரம் இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும்.

தவணை தவறி, அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில், பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ் வந்துவிட்டால் வாடகை வைத்துச் சமாளிக்கலாம் என்று புதிதாக யாரையும் குடிவைக்காதீர்கள். நோட்டீசுக்குப் பிறகு வங்கியின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் விடக் கூடாது என்று அதே சட்டத்தின் 13(13) தடுக்கிறது. மீறிக் குடிவைத்தால் வந்தவரும் சேர்ந்து வெளியேற நேரிடும். அந்த நிலையில் முதலில் வங்கியில் உட்கார்ந்து தவணையைப் பற்றிப் பேசுங்கள்.