வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பி.எட். கல்லூரி: பெங்களூரில் பார்த்துச் சேர்வது எப்படி?

அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக் நகர், ஈஜிபுரா என்று பெங்களூரில் நம்மவர்கள் நிறைந்த பகுதிகளில், டிகிரி முடித்து டீச்சராக நினைப்பவர்கள் நிறையப் பேர். "பெரிய காலேஜில் சீட் கிடைக்கவில்லை, பக்கத்தில் இருக்கும் சின்ன காலேஜில் சேரலாமா?" என்று தயங்குகிறார்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால், நீங்கள் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துத் திருத்திச் சொல்ல அங்கே ஆள் இருக்க வேண்டும். கட்டடத்தைவிட அதுதான் முக்கியம்.

1. எந்த வகுப்புக்கு டீச்சர் என்று முடிவு செய்யுங்கள்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்றால் பி.எட். உதவாது, தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பான டி.எல்.எட். படிக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "பி.எட். இருந்தால் எல்லா வகுப்புக்கும் போகலாம்" என்று இன்னும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் என்றால் பி.எட். அதற்குப் பொதுவாக டிகிரியில் 50 சதவீதம் வேண்டும். படிப்பு இரண்டு ஆண்டு.

2. அங்கீகாரத்தைப் பாருங்கள்

கல்லூரிக்கு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) அங்கீகாரமும் பல்கலைக்கழக இணைப்பும் இருக்க வேண்டும். சுவரில் மாட்டிய பழைய ஆணையைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அங்கீகாரம் ரத்தாவதும் உண்டு. இந்த ஆண்டு நிலவரத்தை என்.சி.டி.இ. இணையதளத்தில் பாருங்கள். பெங்களூர் பல்கலைக்கழகம் 2017இல் மூன்றாகப் பிரிந்ததால், எதன் கீழ் வருகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது.

3. உங்கள் மெதட் பாடம் அங்கே உண்டா?

மெதட் என்றால், உங்கள் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித்தரும் வகுப்பு. சின்னக் கல்லூரிகளில் எல்லாப் பாடத்துக்கும் மெதட் ஆசிரியர் இருப்பதில்லை. நீங்கள் பி.எஸ்ஸி. கணிதம் என்றால், கணித மெதட் எடுப்பவர் யார் என்று பெயரைக் கேளுங்கள். "சேர்ந்த பிறகு போடுவோம்" என்றால் வேறு கல்லூரி பாருங்கள். ஆசிரியர் பட்டியலைப் படத்தோடும் கல்வித் தகுதியோடும் கல்லூரி இணையதளத்தில் போட வேண்டும் என்பது விதி. அதை எடுத்து வைத்துக்கொண்டு நேரில் ஒப்பிடுங்கள்.

4. வகுப்பு நாளில் நேரில் போங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அட்மிஷன் நாளில் எல்லாக் கல்லூரியும் நன்றாகத்தான் இருக்கும். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்களா? பி.எட்.டில் ஒரு யூனிட், அதாவது ஒரு பிரிவு என்றால் 50 பேர். 50 பேர் சேர்ந்த இடத்தில் ஏழெட்டுப் பேர் மட்டும் உட்கார்ந்திருந்தால், மற்றவர்கள் வராமலே வருகை போடப்படுகிறது என்று யோசிக்க வேண்டும். விதிப்படி வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை தேவை. "வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாங்க" என்று சொல்லும் கல்லூரி உங்களுக்குச் சலுகை காட்டவில்லை. கற்கும் வாய்ப்பைப் பறிக்கிறது. நாளைக்கு நாற்பது பிள்ளைகள் முன்னால் தனியாக நிற்கப் போவது நீங்கள்தான்.

இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து மூன்று கேள்வி கேளுங்கள். மைக்ரோ டீச்சிங்கில் (சக மாணவர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவதில்) ஒவ்வொருவருக்கும் முறை வந்ததா? நீங்கள் எழுதிய பாடத் திட்டத்தை (லெசன் பிளான்) திருத்தித் தந்தார்களா, கையெழுத்து மட்டும் போட்டார்களா? பள்ளிப் பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள், அங்கே வந்து கவனித்தவர் யார்? இரண்டு ஆண்டில் 20 வாரம் பள்ளிப் பயிற்சி. உங்களை டீச்சராக்குவது அந்த 20 வாரம்தான். முடிந்தால் அந்தப் பள்ளிகளின் வாசல்வரைகூடப் போய்ப் பாருங்கள். நல்ல சின்னக் கல்லூரியில் முதல்வருக்கு உங்கள் பெயரும் தெரியும், உங்கள் பாடத்தில் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதும் தெரியும்.

5. பயணம்

கிலோமீட்டர் கணக்கு பெங்களூரில் செல்லாது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பைத் தாண்ட வேண்டுமா என்பதுதான் கணக்கு. காலை எட்டரைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கர்நாடகப் பெண்களுக்கு 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் சாதாரண பி.எம்.டி.சி. பஸ் இலவசம். கல்லூரிக்கு மட்டுமல்ல, பயிற்சிப் பள்ளிக்கும் வழி பாருங்கள். போக்குவரத்தில் மிச்சமாகும் நேரம் சார்ட் எழுதவும் பாடம் தயாரிக்கவும் வேண்டும்.

6. கன்னடம்

2015 சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கற்பிக்க வேண்டும். நீங்கள் அறிவியல் எடுத்தாலும், பிள்ளைகளும் பெற்றோரும் பேசுவது பெரும்பாலும் கன்னடம்தான். பேச வந்து எழுதத் தெரியாதவர்கள் இப்போதே எழுத்துப் பழகுங்கள். மத்திய அரசின் ஆசிரியர் தகுதித் தேர்வான சி-டெட்டில் தமிழை ஒரு மொழித்தாளாக எடுக்கலாம் என்பதும் நமக்கு வசதி.

7. பணமும் சான்றிதழும்

சீருடை, தேர்வு, ரெக்கார்ட், முகாம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவை எழுத்தில் வாங்குங்கள். கட்டியதற்கெல்லாம் ரசீது கேளுங்கள். அரசு ஒதுக்கீட்டுக்கு, கர்நாடகத்தில் எத்தனை ஆண்டு படித்தீர்கள் என்று பார்ப்பார்கள். பள்ளியில் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். தமிழ்நாட்டில் டிகிரி முடித்தவர்கள் மைக்ரேஷன் சான்றிதழுக்கு (வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான சான்று) முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். அது கைக்கு வர நாளாகும், கல்லூரியின் கடைசித் தேதி உங்களுக்காகக் காத்திருக்காது.