பிடியாணை இல்லாத கைது: நேரத்தைக் குறித்து வையுங்கள்

பிடியாணை இல்லாமல் கைது செய்தால் வழக்கே நிற்காது என்று நம்பி, முதல் நாளைக் கோட்டை விடுபவர்கள் பலர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவு, பிடியாணை வேண்டாக் குற்றங்களில் காவல்துறைக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. ஆனால் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றமானால், கைது ஏன் அவசியம் என்பதை அதிகாரி எழுதிவைக்க வேண்டும். அவசியமில்லையெனில் ஆஜராகும்படி அறிவிப்பு கொடுத்தாலே போதும்.

வீட்டார் முதலில் பார்க்க வேண்டியது, கைதின்போது காவல்துறை எழுதும் கைது குறிப்பாணையில் உள்ள நேரத்தை. இரவு 9 மணிக்கு அழைத்துச் செல்லப்பட்டவருக்கு மறுநாள் காலை 6 மணி என்று எழுதினால், நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரக் கெடு, பயண நேரம் நீங்கலாக, ஒன்பது மணி நேரம் தள்ளிப்போகிறது. சாட்சியாகக் கையெழுத்திடும் உறவினர் உண்மையான நேரத்தைக் கையெழுத்தின் அருகிலேயே எழுதட்டும். அதற்கு விடாவிட்டால், நடுவர் கேட்காவிட்டாலும், ரிமாண்டின்போது (காவலில் வைப்பதா என்று நடுவர் முடிவு செய்யும் வேளையில்) கைதானவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில், ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. தராவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது.

கைது செல்லாது என்பதும் சாட்சியம் செல்லாது என்பதும் ஒன்றல்ல. சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த பொருளானாலும், வழக்குக்குத் தொடர்புடையதாக இருந்தால் ஏற்கலாம் என்பது 1973-இலிருந்து உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. (போதைப்பொருள் வழக்கில் நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன் சோதிக்கும்படி கேட்கும் உரிமை உண்டு என்பதை உடல் சோதனைக்கு முன் சொல்லாமல் கைப்பற்றியது மட்டும் முக்கியமான விதிவிலக்கு.)

உண்மையான பாதுகாப்பு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய பகுதியை மட்டும் நிரூபிக்கலாம். “நான் குத்திய கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்” என்பதில் புதைத்த இடம் நிற்கும், “நான் குத்திய” என்பது நிற்காது.

ஆகவே கைது குறிப்பாணை, வாக்குமூலம், கைப்பற்றுதல் மகஜர் (பொருளைக் கைப்பற்றியபோது சாட்சிகள் முன் எழுதும் பதிவு) ஆகிய மூன்றின் நேரங்களையும் ஒரே தாளில் எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள். வாக்குமூலத்துக்கு முன்பே கத்தி கைப்பற்றப்பட்டதாக மகஜர் காட்டினால், அது வாக்குமூலத்தால் கிடைத்த கத்தி அல்ல. குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.